சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு எந்த வழி? புள்ளி எங்கே எவ்வளவு எடுபடும்?

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த வாரத்தில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் ஊரில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "எத்தனை ஏ?" கோயிலிலும் கேட்கிறார்கள், சந்தையிலும் கேட்கிறார்கள். ஐந்து ஏ என்றால் "பரவாயில்லை", எட்டு ஏ என்றால் "கெட்டிக்காரி", இரண்டு ஏ என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டே பிள்ளையை எங்கே சேர்ப்பது என்றும் முடிவெடுத்துவிடுகிறார்கள். பல வருடமாக இங்கே டியூஷன் எடுத்து, பெற்றோருடன் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவரும் எனக்கு இது மனதை உறுத்தும் விஷயம். புள்ளி முக்கியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து அதன் எடை அடியோடு மாறுகிறது. ஒரு வழியில் அதுவே எல்லாம். இன்னொரு வழியில் அது வெறும் நுழைவுச் சீட்டு. மீதியைத் தீர்மானிப்பது அப்பாவின் சம்பளம்.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற குடும்பத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரு வருடத்தையும் இருபதாயிரம் வெள்ளியையும் தவறான இடத்தில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க அந்தக் குடும்பத்தால் முடியாது.

முதலில் அந்த முடிவுத் தாளை ஒழுங்காகப் படிக்க வேண்டும். நாம் எல்லா ஏ-யையும் ஒன்றாக எண்ணுகிறோம். அரசு உயர்கல்வி இடங்களுக்கு மனுப் போடும் யுபியுவின் மெரிட் (தகுதிப் புள்ளி) கணக்கு அப்படி எண்ணுவதில்லை. அதில் ஏ பிளஸுக்கு 18, ஏ-வுக்கு 16, ஏ மைனஸுக்கு 14, பி பிளஸுக்கு 12. ஆறு பாடத்தில் ஏ பிளஸ் எடுத்தவருக்கு 108. அதே ஆறிலும் ஏ மைனஸ் எடுத்தவருக்கு 84. ஆறிலும் பி பிளஸ் எடுத்தவருக்கு 72. ஊர் கண்ணுக்கு முதல் இருவரும் "ஆறு ஏ". கணக்கிலோ நடுவில் நிற்பவர் பி பிளஸ்காரருக்குத்தான் பக்கத்தில் இருக்கிறார். துறைக்குத் தேவையான பாடங்களுக்குக் கூடுதல் எடை வேறு உண்டு. பொறியியலுக்கு மனுப் போடும் பிள்ளைக்குக் கணிதத்திலும் இயற்பியலிலும் வந்த பி, மற்ற பாடத்தில் வந்த ஏ-க்களால் மறைந்துவிடாது. தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையென்றால் சான்றிதழே கிடையாது. வரலாறு 2013 முதல் அப்படி ஆகிவிட்டது. ஆகவே "எத்தனை ஏ" என்று கேட்பதை விட "எந்தப் பாடத்தில் எந்த ஏ" என்று கேளுங்கள்.

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

எல்லாருக்கும் முதல் ஆசை மெட்ரிகுலேஷன். பேராக்கில் அது கோப்பெங்கில் இருக்கிறது. ஒரே வருடம், விடுதி, கைச்செலவுக்கு அலவன்ஸ், முடித்ததும் அரசுப் பல்கலைக்கழகம். ஆசைப்படாமல் இருக்க முடியுமா? ஆனால் இடம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 2019இல் மொத்த இடத்தை 25,000த்திலிருந்து 40,000ஆக உயர்த்தினார்கள். ஆனால் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும்) 90, மற்றவர்களுக்கு 10 என்ற பங்கீடு அப்படியே இருந்தது. பூமிபுத்ரா அல்லாத எல்லாரும் அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் முட்டிக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில் பிரதமர் ஓர் அறிவிப்பு செய்தார்: 10 ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிக் இடம். பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பத்தில் ஏ மைனஸைச் சேர்க்கிறார்களா என்பதை அந்தந்த ஆண்டின் விதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பத்து பாடம் எழுதினால்தானே பத்து ஏ வரும்? ஒன்பது பாடம் மட்டும் எழுதி ஒன்பதிலும் ஏ எடுத்த பிள்ளை அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கும். தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எடுப்பதா வேண்டாமா என்று நான்காம் படிவத்தில் யோசிக்கும் பெற்றோர் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

"டீச்சர், பொண்ணு ஏழு ஏ எடுத்திருக்கா. மெட்ரிக் கிடைச்சிரும்ல?" என்று போன வருடம் ஓர் அம்மா கேட்டார். "போடுங்கக்கா, கண்டிப்பா போடுங்க. ஆனா அத நம்பி மத்தத விட்றாதீங்க" என்றேன். இன்றும் என் பதில் அதுதான். பத்து ஏ இருந்தால் அதுவே முதல் வழி. ஏழு, எட்டு என்றால் மனுப் போட்டுவிட்டு, கால் தரையில் இருக்கட்டும். அப்புறம், மெட்ரிக்கில் அறிவியல், கணக்கியல், பொறியியல் பக்கம்தான் படிப்பு. சட்டமோ தமிழோ ஊடகமோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு அது ஏற்ற இடமில்லை.

ஆறாம் படிவத்தைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் எந்த வழியைக் குறைவாக மதிக்கிறார்களோ, நம் பிள்ளைகளை அதிகமாகத் தூக்கிவிட்டதும் அதுதான் என்பது நான் பார்த்தது. "மெட்ரிக் கிடைக்கலையா, பாவம், ஃபோர்ம் சிக்ஸா?" என்று துக்கம் விசாரிப்பது போலக் கேட்கிறார்கள். அந்தப் பேச்சே பிள்ளையின் மனதை உடைத்துவிடுகிறது.

ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். என்பது ஒன்றரை வருடம், மூன்று பருவம். 2012 முதல் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித் தேர்வு வந்துவிட்டது. முன்பு போல எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. முதல் பருவத்திலோ இரண்டாவதிலோ ஒரு பாடம் சறுக்கினால் அதைத் திரும்ப எழுதவும் வழி இருக்கிறது. ஒரே வருடத்தில் ஓடி முடிக்க வேண்டிய மெட்ரிக்கில் இந்த மூச்சு கிடைக்காது. செலவு என்று பார்த்தால் பள்ளிச் சீருடை, பஸ், புத்தகம். பிள்ளை வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறது. இந்தச் சான்றிதழை உள்ளூரில் மட்டுமல்ல, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் ஏற்கிறார்கள்.

புள்ளியின் எடை இங்கேதான் மிக அதிகம். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட்டில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம், அதாவது பிள்ளைகள் சொல்லும் "கோகோ". பாயிண்டர், அதாவது பாடங்களின் சராசரித் தரப் புள்ளி, 4.00 என்றால் 90 முழுதாக வரும். நான்கு பாடத்தில் மூன்றில் ஏ, ஒன்றில் ஏ மைனஸ் என்றால் பாயிண்டர் 3.92, அது 88.2. இப்போது இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 4.00, ஆனால் கோகோ பத்துக்கு 7. மொத்தம் 97.0. இன்னொருவருக்கு 3.92, கோகோ 9.5. மொத்தம் 97.7. முழுப் பாயிண்டர் எடுத்தவர் பின்னால் நிற்கிறார். கேட்கும் கூட்டம் அதிகமாக இருக்கும் துறையில் இந்த அரைப் புள்ளி, முக்கால் புள்ளிதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. 4.00 எடுத்தும் கேட்ட துறை கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறதே, அதன் பின்னால் மெரிட், நேர்முகத் தேர்வு, இட எண்ணிக்கை எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன.

நம் தோட்டப் பிள்ளைகள் இந்தப் பத்தில்தான் அடி வாங்குகிறார்கள். படிக்காமல் இல்லை, மத்தியானம் பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். மாலையில் சாரணர் பயிற்சிக்கோ பூப்பந்துக்கோ நின்றால் தோட்டத்துக்குள் போக வண்டி கிடையாது. அப்பா வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. மூன்று நான்கு முறை அப்படி நடந்ததும், "கோகோவுக்கெல்லாம் போக வேண்டாம், படிச்சா போதும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். படித்தால் போதாது, அதுதான் உண்மை. மாணவர் பதவி, மாவட்ட அளவில் ஒரு போட்டி, வருகைப் பதிவு, எல்லாமே எண்ணிக்கையில் வரும். ஒரே தோட்டத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தால் வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் பயிற்சி வைத்துக்கொண்டு, அப்பாமார் முறை போட்டு ஏற்றி இறக்கலாம். இதைச் செய்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மூவெட். இந்த ஆங்கிலத் தேர்வுப் புள்ளி மெரிட் கூட்டலில் சேர்வதில்லை. ஆனால் ஒவ்வொரு படிப்பும் குறைந்தபட்சம் ஒரு பேண்ட் (தரநிலை) கேட்கும். அது இல்லையென்றால் பாயிண்டர் எவ்வளவு இருந்தாலும் கதவு திறக்காது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, ஐந்து வருடம் மலாய்வழி இடைநிலைப்பள்ளி என்று வந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசும் பகுதிதான் மலை மாதிரி தெரிகிறது. கீழ் ஆறாம் படிவத்திலேயே ஒரு முறை எழுதிவிட வேண்டும். போதாவிட்டால் இன்னொரு முறை எழுத நேரம் இருக்கும்.

கலைப் பிரிவைச் சொல்லாமல் விட முடியாது. எஸ்.பி.எம்.மில் அறிவியல் எடுத்துத் தட்டுத் தடுமாறி பி, சி என்று வந்த பிள்ளை, ஆறாம் படிவத்தில் வரலாறு, பொருளியல், வணிகவியல், தமிழ் என்று மாறியதும் தலை நிமிர்வதைப் பார்க்க வேண்டும். வேதியியலோடு மல்லுக்கட்டிய அதே பிள்ளை, வரலாற்றுக் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதுகிறது. எஸ்.பி.எம்.மில் மூன்று ஏ என்று ஊர் ஒதுக்கியது. யுபியுவில் எஸ்.டி.பி.எம். மாணவராக மனுப் போடும்போது மெரிட்டில் எண்ணப்படுவது எஸ்.டி.பி.எம். பாயிண்டர்தான், எஸ்.பி.எம். பாடங்கள் தகுதி பார்ப்பதற்கு மட்டும். அதாவது, கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பதினேழு வயதில் சறுக்கிய பிள்ளைக்கு இப்படி ஒரு இரண்டாம் வாய்ப்பை இவ்வளவு குறைந்த செலவில் தரும் வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

தனியார் கல்லூரி இதற்கு நேர் எதிர். அங்கே புள்ளியின் எடை வாசலோடு முடிந்துவிடுகிறது. பட்டப் படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷனுக்குப் பொதுவாக ஐந்து கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்), டிப்ளோமாவுக்கு மூன்று கிரெடிட் இருந்தால் சேரலாம். மருத்துவம் போன்ற துறைகளில்தான் வாசல் உயரம்: எஸ்.பி.எம்.மில் அறிவியல், கணிதப் பாடங்கள் உட்பட ஐந்து பாடத்தில் குறைந்தது பி கேட்பார்கள், அதன்பின் ஃபவுண்டேஷனிலும் நல்ல தேர்ச்சி வேண்டும். மற்றபடி எட்டு ஏ எடுத்தவரும் ஐந்து சி எடுத்தவரும் ஒரே வகுப்பில் உட்காரலாம். சோதனைத் தேர்வு முடிவைக் காட்டியே முன்கூட்டிச் சேர்த்துக்கொள்வார்கள். கல்விக் கண்காட்சியில் பேசும் ஆலோசகர் அவ்வளவு அன்பாகப் பேசுவார். பெற்றோர் அதை "என் பிள்ளையின் புள்ளிக்குக் கிடைத்த மரியாதை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர் ஆள் சேர்க்கும் வேலையில் இருக்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

செலவைப் பார்ப்போம். ஃபவுண்டேஷன் ஒரு வருடமே கல்லூரியைப் பொறுத்துப் பத்தாயிரம் வெள்ளியிலிருந்து முப்பதாயிரத்தைத் தாண்டும். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். டிப்ளோமாவுக்கும் பட்டப் படிப்புக்கும்தான், ஃபவுண்டேஷனுக்கு இல்லை. ஆக முதல் வருடம் முழுக்கக் கைப்பணம். பட்டத்துக்குக் கிடைக்கும் கடனும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஓர் அளவுக்குத்தான். தனியார் கட்டணம் முழுவதையும் அது மூடாது. தனியாரில் மருத்துவம் என்றால் இலட்சக் கணக்கில் பேச வேண்டும். அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்துக் கட்டலாம் என்பார்கள். எடுக்க முடியும், ஆனால் வேலை ஓய்வுக்குப் பிறகு தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அந்த அப்பா எங்கே போய் இருப்பார் என்பதையும் அதே மேசையில் பேசிவிட வேண்டும்.

நல்ல ஏ-க்கள் உள்ள பிள்ளைக்குத் தனியாரிலும் புள்ளி பணமாக மாறும். ஏ எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணத்தில் பாதி, சில இடங்களில் முழுதும் தள்ளுபடி தருகிறார்கள். கம்பாரில் வளாகம் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் மற்ற தனியார் இடங்களை விடக் கட்டணம் குறைவு. நம் ஊருக்கும் தூரமில்லை. ஆனால் எந்தத் தள்ளுபடியிலும் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பருவமும் குறிப்பிட்ட பாயிண்டரைக் காப்பாற்றினால்தான் தொடரும் என்று இருக்கும். ஒரு பருவம் சறுக்கினால் மீதிக் கட்டணம் முழுதும் தலையில் விழும். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் அவர்களுடைய இணையப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரரான முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் அந்தச் சிறு பணம்தான் தோட்டமே வாங்கியது. அப்படிப் பணத்தின் அருமை தெரிந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று விளம்பரப் பலகையைப் பார்த்துக் கடனில் இறங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நான்கைந்து கிரெடிட், கை வேலையில் ஆர்வம் என்றால் பாலிடெக்னிக். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது, நம் ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டர் வாக்கில். ஒரு பருவக் கட்டணம் 200 வெள்ளி. இதுவும் யுபியு வழியாகத்தான், மெரிட் பார்ப்பார்கள். ஆனால் போட்டியின் நெருக்கம் குறைவு. முன்னால் சொன்ன அந்தத் துறைப் பாடங்களின் எடை இங்கே அதிகம் பேசும். மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்து, நல்ல பாயிண்டரோடு பெர்லிஸ், மலாக்கா, ஜொகூரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். வீட்டு நிலைமை கேட்டால் டிப்ளோமாவோடு வேலைக்கும் போகலாம். ஒரே கிரெடிட் தகுதிக்குத் தனியார் டிப்ளோமாவில் பல்லாயிரம் வெள்ளிக் கடன் வாங்குவதற்கு முன் இதைப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

தமிழாசிரியராக வேண்டும் என்ற பிள்ளைக்கு ஆசிரியர் பயிற்சிக் கழகம். அதன் ஈப்போ வளாகம் உலு கிந்தாவில், பக்கத்திலேயே. ஏ-க்கள் கேட்பார்கள், ஆனால் நேர்முகத் தேர்வில்தான் பலர் விழுகிறார்கள். தமிழ் படித்துப் பட்டம் வாங்க ஆறாம் படிவம் வழியாக மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சிக்கோ (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) போகலாம்.

என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், பத்து ஏ என்றால் மெட்ரிக். ஐந்து முதல் ஒன்பது ஏ வரை என்றால் மெட்ரிக்குக்கு மனு, மனதளவில் ஆறாம் படிவம். கோகோவையும் மூவெட்டையும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்வது. ஏ குறைவு, ஆனால் வாசிக்கவும் எழுதவும் பிடிக்கும் என்றால் தயங்காமல் ஆறாம் படிவக் கலைப் பிரிவு. கையால் செய்வதில் ஆர்வம் என்றால் பாலிடெக்னிக். தனியார் என்பது முழுத் தள்ளுபடியோ அதற்குப் பக்கத்திலோ கிடைத்தால் மட்டும். இல்லையென்றால் ஒன்றரை வருடம் கழித்து எஸ்.டி.பி.எம். சான்றிதழோடு அதே கல்லூரிக்குப் பட்டப் படிப்புக்கே போகலாம், ஃபவுண்டேஷன் பணம் மிச்சம்.

நாட்களை மட்டும் தவறவிடாதீர்கள். மெட்ரிக், யுபியு, ஆறாம் படிவம் மூன்றுக்கும் முடிவுகள் வெவ்வேறு வாரத்தில் வரும். ஆறாம் படிவத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே மெட்ரிக் கடிதம் வந்தால் தாராளமாக மாறிக்கொள்ளலாம். கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. ஆனால் அந்த வாசல் சில நாட்கள்தான் திறந்திருக்கும். கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் பிள்ளையின் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனியார் கல்லூரியில் முன்பணம் கேட்டால், அரசு இடம் கிடைத்து விலகும்போது அது திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி வாங்காமல் கட்டியது. இரண்டு வாரத்தில் பாலிடெக்னிக் கடிதம் வந்தது, பிள்ளையும் போய்ச் சேர்ந்தது, கட்டிய பணம் திரும்பவே இல்லை.